நோயாளியைத் தேடாத பரிசோதனை

அமெரிக்காவில் சிகாகோ நகரத்துக்குத் தெற்கே, கண்ணுக்கெட்டிய தூரம் மக்காச்சோளமும் சோயாவும் விளையும் சமவெளியின் நடுவில், அர்பானா, ஷாம்பெய்ன் என்று ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கும் இரண்டு ஊர்களுக்கும் பொதுவாக, 1867-இல் தோன்றிய இல்லினாய் சர்வகலாசாலை பரந்து கிடக்கிறது. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், உலகத்துக் கலாசாலைகளில் பெரும்பாலானவை கொரோனாவுக்கு அஞ்சிக் கதவைச் சாத்திக்கொண்டு மாணவர்களைக் கணினித் திரைக்கு முன்னால் உட்கார வைத்திருந்த சமயத்தில், ஏறக்குறைய ஐம்பதினாயிரம் மாணவர்களைக் கொண்ட இந்தச் சர்வகலாசாலை தன் விடுதிகளைத் திறந்துவிட்டது. முகக்கவசமும் இடைவெளியும் எங்கும் உள்ளவைதாம். அவற்றுக்கு மேலாக அது விதித்த நிபந்தனைதான் புதுமையானது. மாணவரானாலும் சரி, பேராசிரியரானாலும் சரி, தரை துடைக்கும் பணியாளரானாலும் சரி, வளாகத்துக்குள் நடமாடுகிற ஒவ்வொருவரும், உடம்பில் யாதொரு குறையும் இல்லாவிட்டாலும்கூட, வாரத்துக்கு இரண்டு முறை எச்சில் கொடுத்தாக வேண்டும்.

இதற்காக வளாகத்தில் ஆங்காங்கே கூடாரங்கள் அடிக்கப்பட்டன. அடையாள அட்டையை நீட்டினால் அவரவர்க்குரிய கோடுகள் அச்சிட்ட ஒட்டுத்தாள் ஒன்று வரும். அதை ஒட்டிய பிளாஸ்டிக் குழாயை வாங்கிக்கொண்டு, மற்றவர்களிடமிருந்து எட்டத்தில் போய் நின்று, துப்பாமல், வாயில் ஊறுகிற நீரை மெல்ல வழியவிட வேண்டும். நுரை கணக்கில் சேராது. வருவதற்கு முன்னால் காப்பி குடிக்கலாகாது, பல் துலக்கலாகாது, சூயிங்கம் மெல்லலாகாது. காலை வேளையில் வாய் வறண்டு நிற்கிறவர்கள் புளிப்பான பண்டம் ஒன்றை மனத்தில் நினைத்துக்கொண்டால் போதும் என்பது எல்லாத் தேசத்தாருக்கும் தெரிந்த உபாயம். மூடியிட்ட குழாயைக் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டால், பெரும்பாலும் அன்று இரவிலோ மறுநாள் காலையிலோ முடிவு கைப்பேசிக்கு வந்து சேரும். கட்டடங்களின் வாயிலில் அந்தக் கைப்பேசியைக் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள்.

ஒரு நாளைக்குப் பதினாயிரம் பேருக்கு மேல் இவ்வாறு சோதிக்கப்பட்டார்கள். அமெரிக்கா முழுவதிலும் அந்நாட்களில் நடந்த கொரோனா பரிசோதனைகளில் நூற்றில் ஒன்றுக்கும் மேற்பட்ட பங்கு இந்த ஒரே வளாகத்தில் நடந்தது என்றால், அந்த முயற்சியின் அளவையும் மற்ற இடங்களின் வறட்சியையும் ஒருசேர ஊகித்துக்கொள்ளலாம்.

வைத்திய சாஸ்திரம் நெடுங்காலமாக ஒரு கேள்வியையே கேட்டு வந்திருக்கிறது: என் முன்னால் உட்கார்ந்திருக்கும் இந்த மனிதனுக்கு என்ன நோய்? அந்தக் கேள்விக்கு விடை காண்பதற்காக ஏற்பட்ட பரிசோதனை எவ்வளவுக்கெவ்வளவு துல்லியமாக இருக்கிறதோ அவ்வளவுக்கவ்வளவு நல்லது. அதற்கு இரண்டு நாள் பிடித்தாலும், அதிகச் செலவானாலும் நோயாளி பொறுத்துக்கொள்வார். ஆனால் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் ஒரே வளாகத்தில் உண்டு உறங்கிப் படிக்கிற இடத்தில் எழுகிற கேள்வி வேறு. இந்தக் கூட்டத்தில் இன்று எத்தனை பேரிடமிருந்து நோய் பிறருக்குப் பரவக்கூடும், அவர்கள் எங்கே இருக்கிறார்கள், நாளை மாலைக்குள் அவர்களைத் தனியே பிரித்துவிட முடியுமா என்பதே அந்தக் கேள்வி. இரண்டுக்கும் ஒரே இரசாயனத்தை, ஒரே இயந்திரத்தைப் பயன்படுத்தியதனால் இரண்டும் ஒன்றே என்று எல்லோரும் எண்ணிக்கொண்டார்கள். 2020-ஆம் ஆண்டில் அதிகாரிகளும் நிபுணர்களும் நடத்திய வாக்குவாதங்களில் பாதி, இந்த மயக்கத்தால் விளைந்தவை என்பது என் அபிப்பிராயம்.

கூட்டத்தைப் பற்றிய கேள்வியைக் கேளாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதே ஆகஸ்டு மாதத்தில் வட கரோலினா மாகாணத்தின் சாப்பல் ஹில் நகரத்துச் சர்வகலாசாலை சாட்சியாயிற்று. திரும்பி வருகிற மாணவர்கள் எல்லோரையும் சோதிக்கத் தேவையில்லை, நோய்க் குறி தோன்றியவர்களைச் சோதித்தால் போதும் என்ற முடிவோடு ஆகஸ்டு 10-இல் அங்கே வகுப்புகள் தொடங்கின. ஒரே வாரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நோய் கண்டுபிடிக்கப்பட்டது. விடுதிகளிலே கொத்துக் கொத்தாகப் பரவியது. ஆகஸ்டு 17-இல், இளங்கலை வகுப்புகள் அனைத்தும் இணைய வழிக்கு மாற்றப்படுவதாக அறிவிப்பு வந்தது. பெட்டி படுக்கைகளை அவிழ்த்து அடுக்கி முடிப்பதற்குள் திரும்பவும் கட்ட வேண்டியதாயிற்று. இந்த வைரஸின் சூட்சுமமே அதுதான்: காய்ச்சலோ இருமலோ தலைகாட்டுவதற்கு ஓரிரு நாள் முன்னதாகவே அது பிறரிடம் தாவிவிடுகிறது, இளவயதினர் பலரிடத்தில் குறியே காட்டாமல் வந்து போய்விடுகிறது. குறியைக் கண்டு சோதிப்பது என்றால், பரவிய பிறகு சோதிப்பது என்றே பொருள்.

பரிசோதனையின் உட்கூறு எளியது. பி.சி.ஆர். என்று இன்று குழந்தைகளும் சொல்லுகிற முறையை 1983-இல் காரி மல்லிஸ் என்ற அமெரிக்க இரசாயன விஞ்ஞானி கண்டறிந்து, பத்து வருஷம் கழித்து அதற்காக நோபல் பரிசு பெற்றார். மரபுப் பொருளின் ஒரு துண்டைச் சூடாக்கி இரண்டு இழைகளாகப் பிரிப்பது, பிறகு குளிர்வித்து ஒவ்வோர் இழையையும் முழுத் துண்டாக வளரச் செய்வது, மறுபடியும் சூடாக்குவது. ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று இரண்டாகிறது. முப்பது சுற்று முடிந்தால் ஒரே துண்டு நூறு கோடிக்கு மேல் பெருகிவிடும். அத்தனை கொதிப்பையும் தாங்கி வேலை செய்கிற நொதி, எல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில் வாழ்கிற ஒரு நுண்ணுயிரிலிருந்து கிடைத்தது. கொரோனா வைரஸின் மரபுப் பொருள் ஆர்.என்.ஏ. வகையைச் சேர்ந்ததாகையால், அதை முதலில் டி.என்.ஏ.வாக எழுதிக்கொள்ளும் முன்வேலை ஒன்று உண்டு.

தடை வந்தது இந்தப் பெருக்கத்தில் அன்று. அதற்கு முன்னாலுள்ள சில்லறைக் காரியங்களில். மூக்கின் அடியாழம் வரையில் விட்டு எடுப்பதற்கு நீண்ட பஞ்சுக்குச்சி வேண்டும்; உலகத்துக்கு அவற்றைச் செய்து கொடுத்த பெரிய கம்பெனிகளுள் ஒன்று இத்தாலியில் பிரெஷியாவில் இருந்தது, அந்த வட்டாரமோ 2020 மார்ச்சில் நோயின் பிடியில் தத்தளித்துக்கொண்டிருந்தது. எடுத்த மாதிரியிலிருந்து ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுப்பதற்கென்று விற்கப்படும் இரசாயனப் பொட்டலங்களுக்கு உலகமெங்கும் பற்றாக்குறை. பஞ்சுக்குச்சியை மூக்கில் விடப் பழகிய தாதி வேண்டும், அவருக்கு உடல் மறைக்கும் உடை வேண்டும், அதற்கும் பஞ்சம். இல்லினாய் சர்வகலாசாலையின் இரசாயனத் துறையைச் சேர்ந்த மார்ட்டின் பர்க், பால் ஹெர்கன்ரோதர் முதலியோர் யோசித்தது, இவற்றுள் எதையெதை விட்டுவிட முடியும் என்பதைத்தான். பஞ்சுக்குச்சிக்குப் பதில் எச்சில். பிரித்தெடுக்கும் பொட்டலத்துக்குப் பதில் வெப்பம்: மூடிய குழாயை 95 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் வைத்தால் வைரஸ் செத்து, அதன் ஓடும் உடைந்து, பெருக்கத்துக்கு இடையூறு செய்கிற எச்சிலின் பொருள்களும் பெரும்பாலும் அடங்கிவிடுகின்றன, அதன்பின் எந்த ஆய்வுக்கூடத்திலும் கிடைக்கிற இரண்டு சாதாரணத் திரவங்களைச் சேர்த்து நேரே பி.சி.ஆர். இயந்திரத்தில் ஏற்றிவிடலாம். குழாயைத் திறப்பதற்கு முன்பே வைரஸ் செத்துப்போவதால் வேலை செய்கிறவர்களுக்கும் அச்சமில்லை. கிழக்கே யேல் சர்வகலாசாலையிலும் இதே நோக்கத்தோடு எச்சிலைக் கொண்டு ஒரு முறையைக் கண்டார்கள். அதற்கு ஆகஸ்டு 15-இல் அரசாங்கத்தின் அவசர அனுமதி கிடைத்தது. இல்லினாயின் முறைக்கு அத்தகைய அனுமதி தனியே கிடைத்தது 2021-இல்தான்.

இந்தக் குழாய்கள் போய்ச் சேர்ந்த இடம்தான் எனக்கு மிகவும் ரசமானதாகத் தோன்றுகிறது. அவை சென்றது ஆஸ்பத்திரிக்கு அன்று. மாட்டு வைத்தியம் கற்பிக்கும் கல்லூரியின் நோயறி கூடத்துக்கு. நியூயார்க் மாகாணத்தின் இதாகா நகரத்திலுள்ள கார்னெல் சர்வகலாசாலையிலும் அப்படியே, கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆய்வுக்கூடமே மாணவர்களின் மாதிரிகளைச் சோதித்தது. இயந்திரமும் ஆளும் அங்கே இருந்தன என்பது வெளிப்படையான காரணம். அதைவிட ஆழமான பொருத்தம் ஒன்றும் உண்டு. மனிதருக்கு வைத்தியம் செய்கிறவர் ஒருவரைப் பார்க்கிறார்; பண்ணைக்கு வைத்தியம் செய்கிறவரோ மந்தையைப் பார்க்கிறார். ஆயிரம் மாடுகளில் எத்தனைக்குக் காசம், இருபதாயிரம் கோழிகளில் எந்தக் கொட்டகையில் காய்ச்சல் என்பதே அவருடைய அன்றாட வினா. அமெரிக்கப் பன்றிப் பண்ணைகளில் கொட்டிலுக்குள் ஒரு பருத்திக் கயிற்றைத் தொங்கவிடுகிறார்கள். விளையாட்டுக் குணமுள்ள பன்றிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அதைக் கடித்து மெல்லும். அரை மணி கழித்துக் கயிற்றைப் பிழிந்து, வடிந்த எச்சிலை பி.சி.ஆர். செய்தால் கொட்டிலின் நிலைமை தெரிந்துவிடுகிறது. எந்தப் பன்றிக்கு நோய் என்று அது சொல்லாது, சொல்ல வேண்டியதும் இல்லை. பட்டதாரி ஆகப்போகிறவர்களை இந்த வரிசையில் வைத்துப் பேசுவது மரியாதைக் குறைவு என்று யாரேனும் நினைக்கக்கூடும். தொற்றுநோயின் கண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரிவதில்லை.

சரி, வாரத்துக்கு இரண்டு முறை எதற்கு? நல்ல பரிசோதனையாக ஒன்றை மாதத்துக்கு ஒரு தடவை செய்தால் போதாதா? யேல் சர்வகலாசாலையின் டேவிட் பால்டியெல் என்பவரும், பின்னாளில் அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் தலைவராக விளங்கிய ரோஷெல் வலென்ஸ்கி முதலியோரும் சேர்ந்து 2020 ஜூலை கடைசியில் வெளியிட்ட ஒரு கணக்கு இதற்கு விடை கூறியது. ஐயாயிரம் மாணவர்களுள்ள ஒரு கற்பனைக் கல்லூரி. முதல் நாளில் பத்துப் பேருக்குத் தொற்று. பருவம் எண்பது நாள். வெளியிலிருந்தும் வாரந்தோறும் சிலர் நோயைக் கொண்டுவருகிறார்கள். கையிலிருக்கும் பரிசோதனையோ சுமாரானது, நோயுள்ள நூறு பேரில் எழுபது பேரையே காட்டிக் கொடுப்பது. அதை வாரத்துக்கு ஒருமுறை செய்தால் பருவ முடிவில் 1,840 பேர் நோயுற்றிருப்பார்கள் என்றும், இரண்டு நாளைக்கு ஒருமுறை செய்தால் 243 பேரோடு நின்றுவிடும் என்றும் அந்தக் கணக்குச் சொல்லிற்று. கருவி மாறவில்லை, கையாளும் வேகந்தான் மாறியது. முதல் தடவை தப்பித்த முப்பது பேரில் இருபத்தொருவர் அடுத்த தடவையில் அகப்படுவர். மூன்றாம் தடவைக்குப் பின் மூவர்தாம் மிஞ்சுவர். துல்லியம் மிகுந்த பரிசோதனையின் முடிவு ஐந்தாம் நாள் வந்தால், அந்த ஐந்து நாளும் நோயுள்ளவர் உணவுக்கூடத்தில் நண்பர்களோடு உட்கார்ந்திருப்பார்.

இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு, அதை இந்தத் திட்டங்களின் ஆதரவாளர்கள் சற்று மெல்லிய குரலில்தான் சொன்னார்கள். நோயில்லாத நூறு பேரில் இரண்டு பேரைத் தவறாக நோயாளி என்று காட்டுகிற பரிசோதனை கேட்பதற்கு நல்ல பரிசோதனைதான். ஆனால் பதினாயிரம் பேரில் இருபது பேருக்கு மட்டுமே நோய் இருக்கிற வளாகத்தில் அதைப் பிரயோகித்தால், உண்மையில் நோயுள்ளவராகப் பிடிபடுகிறவர், மேலே சொன்ன நூற்றுக்கு எழுபது என்ற கணக்கில், பதினான்கு பேர். வீணாகப் பிடிபடுகிறவரோ ஏறக்குறைய இருநூறு பேர். பால்டியெல் குழுவின் கணக்கிலேயே, இரண்டு நாளைக்கு ஒருமுறை சோதிக்கும் கல்லூரியில் தனிமை விடுதியில் இருக்கும் சராசரி 76 பேரில் 28 பேருக்குத்தான் மெய்யாகவே நோய். கூட்டத்தைப் பார்க்கிற கண்ணுக்கு இது சகிக்கத்தக்க நஷ்டம். மறு பரிசோதனையில் விடுவிக்கப்படும் வரையில் சன்னலில்லாத அறையில் ஆறிய உணவோடு உட்கார்ந்திருக்கிற பத்தொன்பது வயதுப் பையனுக்கு அப்படித் தோன்றுமா என்பது வேறு விஷயம். இல்லினாயின் பி.சி.ஆர். முறையில் இத்தகைய பிழை மிகச் சொற்பம் என்பதனால் அங்கே இந்தக் குறை பெரிதாக எழவில்லை.

அங்கே எழுந்த குறை வேறு. நைஜல் கோல்டன்ஃபெல்ட், செர்கே மாஸ்லாவ் என்ற இரண்டு பௌதிக விஞ்ஞானிகள் வளாகத்தில் நோய் எவ்வாறு பரவக்கூடும் என்று கணினியில் ஒரு மாதிரி உலகத்தைப் படைத்துப் பார்த்திருந்தார்கள். வகுப்பறை, விடுதி, உணவுக்கூடம், மதுக்கடை எல்லாம் அதில் உண்டு. மாணவர்கள் விருந்துக் கூத்துகளுக்குப் போவார்கள், அங்கே முகக்கவசம் இருக்காது என்பதையும் அவர்கள் மறக்கவில்லை. இளமையின் இயல்பை அறியாதவர்கள் என்று அவர்களைச் சொல்ல முடியாது. இவ்வளவையும் சேர்த்தும், வாரம் இருமுறை சோதித்தால், நவம்பரில் நன்றி நாள் விடுமுறை வருவதற்குள் ஏறக்குறைய 700 பேருக்கு மேல் தொற்று போகாது என்று கண்டார்கள். வகுப்புகள் ஆகஸ்டு 24-இல் தொடங்கின. செப்டம்பர் பிறந்த இரண்டாம் நாளுக்குள் அந்த எழுநூறும் கடந்துவிட்டது. ஒரே நாளில் இருநூறுக்கு மேல்கூட வந்தது.

இயந்திரம் பிழை செய்யவில்லை. எச்சிலும் பொய் சொல்லவில்லை. தமக்கு நோய் இருக்கிறது என்று கைப்பேசி அறிவித்த பிறகும் சிலர் விருந்துக்குப் போனார்கள். சிலர் தம் இடத்திலேயே விருந்து நடத்தினார்கள். சுகாதாரத் துறையினர் அழைத்தபோது போனை எடுக்காதவர்கள் உண்டு. கட்டட வாயிலைக் கடப்பதற்காகக் கைப்பேசிச் செயலியை ஏமாற்ற முயன்றவர்களும் உண்டு. அறியாமல் பரப்புகிறவனைச் சமன்பாட்டுக்குள் கொண்டுவந்திருந்த விஞ்ஞானிகள், அறிந்தே போகிறவனுக்கு ஓர் எண் வைத்திருக்கவில்லை. பத்திரிகைகள் இதை வேடிக்கையாக எழுதின. வேடிக்கைக்கு இதில் ஒன்றுமில்லை. பௌதிகத்தில் துகள் தன் நிலையைத் தானே அறிந்துகொண்டு மனம் மாறுவது கிடையாது.

சர்வகலாசாலை சில மாணவர்களை இடைநீக்கம் செய்தது; இளங்கலை மாணவர்கள் எல்லோரும் இரண்டு வாரத்துக்கு வகுப்பு, உணவு, பரிசோதனை முதலிய அத்தியாவசியக் காரியங்களுக்கல்லாமல் வெளியே வரக்கூடாது என்று செப்டம்பர் 2-இல் உத்தரவிட்டது. தண்டனையால்தான் நிலைமை திருந்தியது என்று சொல்லுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். சத்தமில்லாமல் நடந்த வேறு இரண்டு மாறுதல்கள் அதைவிட முக்கியமானவை என்று நினைக்கிறேன். மாணவர் சங்க வீடுகள் போலக் கூட்டம் மிகுந்த இடங்களில் வசிப்போருக்குப் பரிசோதனை வாரத்துக்கு மூன்றாயிற்று. இரண்டாவது, முடிவு வந்த அரைமணிக்குள் நோயுள்ளவரைத் தொலைபேசியில் பிடித்துப் பேசுவதற்கென்றே ஒரு குழு ஏற்பட்டது. உனக்குத் தனியறை இங்கே, சாப்பாடு இன்ன நேரத்துக்கு வரும், நேற்றும் முந்தாநாளும் யாரோடு இருந்தாய் என்று ஒரு மனிதர் கேட்கிறபோது, சிவப்பு நிறத்தில் ஒரு செய்தி வந்து விழுவதில் இல்லாத ஏதோ ஒன்று அதில் இருக்கிறது. சில வாரங்களில் சோதிக்கப்பட்டோரில் நோயுள்ளவர் நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கினார்கள். மாணவர்கள் நன்றி நாள் வரையில் வளாகத்திலேயே இருந்தார்கள்.

எல்லாக் கலாசாலைகளாலும் ஆளுக்கொரு குழாயை வாரம் இருமுறை சோதிக்க முடியவில்லை. வட கரோலினாவில், சாப்பல் ஹில்லுக்கு வெகு அருகிலேயே உள்ள டியூக் சர்வகலாசாலை ஐந்து பேரின் மாதிரிகளை ஒன்றாகக் கலந்து சோதித்தது. கலவையில் வைரஸ் இல்லையென்றால் ஐவரும் தப்பினார்கள்; இருந்தால் மட்டும் ஐவரையும் தனித்தனியே பார்ப்பது. ஆயிரத்தில் ஒருவருக்கே நோய் என்ற நிலையில் ஆயிரம் சோதனைக்குப் பதில் இருநூற்றைந்தோடு காரியம் முடிந்துவிடும். இரண்டாம் உலகப் போரின்போது சேனையில் சேர வந்தவர்களின் இரத்தத்தில் மேகநோயைக் கண்டறிவதற்காக, ராபர்ட் டார்ஃப்மன் என்பவர் 1943-இல் எழுதிய யுக்தி இது. அக்டோபர் 11 வரையிலான பத்து வாரங்களில் டியூக்கில் 10,265 மாணவர்களிடமிருந்து 68,913 மாதிரிகள் எடுத்தார்கள். நோயுற்றவர்கள் 84 பேர். அவர்களில் பாதிப் பேருக்குச் சோதித்த சமயத்தில் எந்தக் குறியும் இல்லை.

கார்னெலில் பீட்டர் ஃப்ரேஸியர் என்பவரின் குழு ஜூன் மாதத்திலேயே கண்டு சொன்ன முடிவு, முதலில் கேட்டவர்களைத் திகைக்க வைத்தது. வளாகத்தை மூடி வைப்பதைக் காட்டிலும் திறந்துவைப்பதே நோயைக் குறைக்கும் என்பது அது. வகுப்புகள் இணையத்தில் நடந்தாலும் ஆயிரக்கணக்கான மாணவர்கள் வாடகை கொடுத்துவிட்ட வீடுகளுக்கு எப்படியும் இதாகாவுக்கு வந்துவிடுவார்கள். வளாகம் மூடியிருந்தால் பரிசோதனைக்கு வா என்று அவர்களைக் கட்டாயப்படுத்த யாருக்கும் அதிகாரம் இராது. இதில் எத்தனை உலக ஞானம் அடங்கியிருக்கிறது!

இங்கிலாந்தில் வேறு வழியில் போனார்கள். அங்கே 2020 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு ஊர் திரும்புகிற மாணவர்களுக்காகத் துரித ஆன்டிஜென் டெஸ்ட்டை அரசாங்கம் வழங்கிற்று. கர்ப்பம் பார்க்கும் பட்டையைப் போன்றது அது. மூக்கிலிருந்து எடுத்த நீரில் வைரஸின் புரதம் இருந்தால், பொன் துகளோடு இணைந்த எதிர்ப்பொருள் அதைப் பற்றிக்கொண்டு பட்டையின் வழியே ஊர்ந்து, குறிப்பிட்ட இடத்தில் கோடாகத் தேங்குகிறது. பெருக்கம் ஒன்றும் இல்லாததால் அரைமணிக்குள் விடை. அதனாலேயே வைரஸ் ஏராளமாக இருந்தால்தான் விடை. பர்மிங்ஹாம் சர்வகலாசாலையில் ஏழாயிரத்துச் சொச்சம் பேரைச் சோதித்ததில் இருவர் அகப்பட்டனர். இல்லை என்று வந்தவற்றில் பத்தில் ஒரு பங்கை மட்டும் பி.சி.ஆரில் மறுபடி பார்த்தால் ஆறு பேருக்கு நோய். பரிசோதனை பயனற்றது என்று ஒரு கட்சி முழங்கியது. தப்பிய அறுவரிடமும் இருந்த வைரஸ் அற்ப சொற்பம், அவர்களால் பிறருக்கு ஆபத்தில்லை என்று மறு கட்சி சொல்லிற்று. முதற்கட்சி நோயாளியைப் பற்றியும் இரண்டாம் கட்சி கூட்டத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்ததால் இருவரும் சொன்னது சரி. ஒரே தடவை செய்துவிட்டு, இல்லை என்று வந்த சீட்டைப் பாட்டி வீட்டுக்குப் போக அனுமதிச் சீட்டாகக் கருதியதுதான் தவறு.

நம் சென்னையிலும் அதே டிசம்பரில் இந்தப் பாடம் நடந்தது. கிண்டியில் ஐ.ஐ.டி. வளாகத்தில், பெரும்பாலும் ஆராய்ச்சி மாணவர்களாகச் சில நூறு பேரே விடுதிகளில் இருந்தபோது, நூற்றுக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று கண்டது. ஒரே மெஸ்ஸில் எல்லோரும் சாப்பிட்டதே காரணமாக இருக்கக்கூடும் என்று கருதப்பட்டது. துறைகளும் ஆய்வுக்கூடங்களும் மூடப்பட்டன. விடுதியிலிருந்த அனைவரும் சோதிக்கப்பட்டார்கள். நம்முடைய மாகாணம் ஆன்டிஜென் டெஸ்ட்டை நம்பாமல் பி.சி.ஆரையே விடாப்பிடியாகக் கைக்கொண்டிருந்தது என்பது பெருமைக்குரிய செய்திதான். எனினும் நோய் தோன்றிய பிறகு எல்லோரையும் ஒருமுறை சோதிப்பதும், தோன்றுவதற்கு முன்னால் எல்லோரையும் ஓயாமல் சோதித்துக்கொண்டிருப்பதும் வேறு வேறு காரியங்கள். பின்னது பணக்காரர் வைத்தியம். பால்டியெலின் கணக்கில் ஒரு மாணவருக்கு ஒரு பருவத்துக்கு ஆகும் செலவு ஏறக்குறைய 470 டாலர். அமெரிக்காவிலேயே சொந்தமாக ஆய்வுக்கூடமும் கால்நடைக் கல்லூரியும் இரசாயனப் பேராசிரியர்களும் இல்லாத சிறு கல்லூரிகள், கூடாரம் அடிக்க வழியின்றி, காய்ச்சல் மானியை நெற்றிக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றன.

தடுப்பூசி வந்தது, ஓமிக்ரான் வந்தது. 2022 ஜனவரியில் அமெரிக்க அரசாங்கம் கேட்ட வீடுகளுக்கெல்லாம் ஆன்டிஜென் பட்டைகளைத் தபாலில் இலவசமாக அனுப்பத் தொடங்கியது. நாளடைவில் கூடாரங்கள் பிரிக்கப்பட்டன. குளியலறையில் நின்று தானே மூக்கைத் துடைத்துத் தானே கோட்டைப் பார்த்துக்கொள்கிறவர் அதை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பெரும்பாலோர் சொல்லவும் இல்லை. வசதிதான். ஆனால் ஒருவருக்கு நோய் உண்டா என்ற பழைய கேள்விக்கு விடை கைக்கெட்டிய அந்தச் சமயத்தில், கூட்டத்தைப் பற்றிய கேள்விக்கு விடை சொல்லும் ஏடு வெறுமையாயிற்று.

அந்த ஏட்டை இப்பொழுது சாக்கடை எழுதுகிறது. 2020 ஆகஸ்டிலேயே அரிசோனா சர்வகலாசாலையில் இதற்கு ஒரு முன்னோட்டம் நடந்தது. நோயுற்றவர் மலத்திலும் வைரஸின் ஆர்.என்.ஏ. வெளியேறுகிறது என்பதை வைத்து, ஒவ்வொரு விடுதியின் கழிவுநீரையும் அங்கே சோதித்து வந்தார்கள். லிக்கின்ஸ் என்ற விடுதியின் கழிவுநீரில் அடையாளம் தென்பட்டவுடன், அங்கு வசித்த 311 பேரையும் சோதித்தார்கள்; குறி எதுவும் இல்லாத இருவர் அகப்பட்டார்கள். அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் அவ்வாண்டு செப்டம்பரில் தொடங்கிய தேசியக் கழிவுநீர்க் கண்காணிப்பு, கூடாரங்களெல்லாம் போன பின்பும் நின்றுவிடவில்லை. அதற்கு அடையாள அட்டை வேண்டாம், சம்மதக் கையெழுத்து வேண்டாம், காப்பி குடிக்காமல் வர வேண்டாம். போனை எடுக்காதவரும் அதில் கணக்காகிவிடுகிறார்.